லாட்ஜில் மூட்டைப்பூச்சி கடித்தால் கேஸ் போட முடியுமா?

தாம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கும்பகோணத்தில் மச்சினர் கல்யாணம். ஆப் மூலம் ஒரு லாட்ஜில் ஏசி ரூம் போட்டிருக்கிறார், இரண்டு இரவுக்கு 3,600 ரூபாய். முதல் நாள் காலையிலேயே மனைவிக்குக் கழுத்திலும் கையிலும் வரிசையாகத் தடிப்பு. கொசுவாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு லைட்டைப் போட்டுப் பார்த்தால் தலையணை உறை மேல் இரண்டு மூட்டைப்பூச்சி. ரிசப்ஷனில் போய்ச் சொன்னதற்கு, "உங்க பையிலதான் சார் வந்திருக்கும், எங்க ரூம்ல இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல" என்று பதில். ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து இப்போது வீட்டு மெத்தையிலும் ஒன்று ஊர்ந்திருக்கிறது. ஆப்காரர்கள் 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். லாட்ஜைப் பற்றி விமர்சனம் எழுதலாமா என்றும் கேட்கிறார். சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் முக்கியக் கேள்வி.

முடியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நீங்களே போடலாம், கோர்ட் ஃபீஸும் கிடையாது. ஆனால் ஜெயிப்பது சட்டத்தைப் பொறுத்ததல்ல, உங்களிடம் என்ன கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் சட்டத்தைச் சுருக்கமாகவும் சாட்சியத்தைக் கொஞ்சம் நீட்டியும் சொல்கிறேன். நுகர்வோர் வழக்குகளோடு பல வருஷமாகப் பழகிய அனுபவத்தில் சொல்வது இது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்கு இருக்கும் விளக்கத்திலேயே உணவும் தங்குமிடமும் பெயர் சொல்லி இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு படுக்க இடம் கொடுத்தவர், படுக்கக்கூடிய மாதிரி இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது சேவைக் குறைபாடு. 'பொருட்களுக்கும் உடல்நலத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ரிசப்ஷனில் போர்டு தொங்கியதா? தொங்கட்டும். ஐந்து நட்சத்திர ஓட்டலில் நிறுத்திய கார் திருடுபோன வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது: 'கார் அதன் சொந்தக்காரரின் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்துவிட்டதாலேயே ஓட்டல் தன் சொந்த அலட்சியத்திலிருந்து தப்பிவிட முடியாது. காருக்குச் சொன்ன நியாயம் மெத்தைக்கும் பொருந்தும் என்று தாராளமாக வாதாடலாம்.

இன்னொரு விஷயம், நம் ஊர்க் கல்யாணங்களில் அடிக்கடி வரும் குழப்பம். உங்கள் ரூமுக்கு நீங்களே காசு கட்டியிருக்கிறீர்கள், சரி. ஆனால் உங்கள் சித்தப்பா தங்கிய ரூமைப் பெண் வீட்டார் போட்டுக்கொடுத்திருந்தால்? அவரும் நுகர்வோர்தான். காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரையும் சட்டம் நுகர்வோர் என்றே கணக்கில் எடுக்கிறது. யாருமே காசு கொடுக்காத இலவசச் சத்திரத்தில் படுத்துக் கடி வாங்கினால்தான் இந்தச் சட்டம் உதவாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே லாட்ஜில் தங்கிய உறவுக்காரர்களில் இன்னும் யாருக்காவது கடித்திருக்கும். போன் போட்டுக் கேளுங்கள். வேறு ரூம், அதே ராத்திரி, அதே தடிப்பு என்றால் 'உங்க பையிலதான் வந்திருக்கும்' என்ற பேச்சு அங்கேயே பாதி அடிபட்டுவிடும்.

அந்தப் பேச்சுதான் இந்த மாதிரி வழக்குகளில் எதிர்த்தரப்பின் முதல் ஆயுதம், பெரும்பாலும் ஒரே ஆயுதம். சேவையில் குறை இருந்தது என்று நிரூபிக்கும் சுமை புகார்தாரர் மேல்தான். உச்ச நீதிமன்றம் 2021இலும் இதை மறுபடி சொல்லியிருக்கிறது. அதனால் மேனேஜர் சும்மா உட்கார்ந்து 'நிரூபி' என்று சொன்னாலே போதும். கையில் தடிப்பைப் படம் எடுத்து வைத்திருப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அது பெரிதாக எதையும் நிரூபிக்காது. மூட்டைப்பூச்சிக் கடியையும் கொசுக்கடியையும் அலர்ஜியையும் தோல் டாக்டரே பார்த்த மாத்திரத்தில் உறுதியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம். போதாததற்குச் சிலருக்குத் தடிப்பு வர நாலைந்து நாள், இரண்டு வாரம்கூட ஆகும், சிலருக்கு வரவே வராது. ஒரே கட்டிலில் படுத்த புருஷனுக்கு ஒன்றுமில்லை, மனைவிக்கு மட்டும் உடம்பெல்லாம் தடிப்பு என்றால் அதை வைத்தே குறுக்கு விசாரணையில் விளையாடுவார்கள்.

படம் எடுக்க வேண்டியது மெத்தையை. விரிப்பை நான்கு மூலையிலும் தூக்கி, தையல் மடிப்பை விரலால் விரித்தால், பூச்சி பல நாளாகக் குடியிருக்கும் மெத்தையில் மூன்று விஷயம் தெரியும். இங்க் பேனாவை வைத்து எடுத்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், அது அதன் எச்சம், ஈரத்துணியால் தேய்த்தால் துருக் கலரில் இழுபடும். வெங்காயத் தோல் மாதிரி மெலிசாக, பூச்சியின் உருவத்திலேயே வெறும் கூடு, அது உரித்த தோல். அப்புறம் அரிசி நொய்யைவிடச் சின்னதாக வெள்ளை முட்டை, தட்டினால் விழாது, ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால், ஆணி ஓட்டையில், பக்கத்து மேஜை இடுக்கில் இதே காட்சி.

இதில்தான் மேனேஜரின் வாதத்துக்குப் பதில் இருக்கிறது. மூட்டைப்பூச்சி முட்டையிலிருந்து வந்து பெரிதாக ஐந்து முறை தோல் உரிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ஒரு வேளையாவது ரத்தம் குடித்தாக வேண்டும். முட்டை பொரிக்கவே ஒரு வாரம் பத்து நாள். நம் ஊர்ச் சூட்டிலும் முழுதாக வளரக் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும். அப்படியிருக்க, சின்னதும் பெரிதுமாகப் பல அளவில் உரித்த தோல் ஒரே தையலில் கிடக்கிறது என்றால், முந்தாநாள் வந்து இறங்கிய விருந்தாளியின் பெட்டியிலிருந்து அது வந்திருக்க முடியாது. இரண்டு ராத்திரியில் அந்தக் கறையும் சேராது. பூச்சி ஒன்று உங்கள் பையில் ஏறி வரலாம், பல வாரக் குப்பை ஏறி வராது. இதை இரண்டு வரியில் எழுதி, மேலே படத்தை ஒட்டிக் கொடுத்தால் ஆணையத்தில் புரிந்துகொள்வார்கள்.

நீங்கள் அந்த ராத்திரி மெத்தையைப் படம் எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுத்திருந்தால் அந்தப் போனை அப்படியே வையுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரிஜினலை அழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். வாட்ஸாப் வழியாகப் போனால் எடுத்த தேதி, இடம் பற்றிய விவரங்கள் படத்திலிருந்து உதிர்ந்துவிடும். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, படம் எந்தப் போனில் எப்படி எடுத்தது என்று சொல்லும் ஒரு சான்றிதழ் இணைப்பது நல்லது. நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடித்துத் தொங்காது என்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் தொங்குவார்.

எடுக்கவில்லை என்றாலும் கதை முடியவில்லை. இப்போது சேர்க்கக்கூடியது: ரூம் பில், காசு கட்டிய ரசீது, ஆப்பில் நடந்த சாட் முழுவதும், ராத்திரி மூன்று மணிக்கு ரிசப்ஷனுக்குப் போன் செய்திருந்தால் அந்தக் கால் பதிவு, டாக்டரிடம் காட்டிய சீட்டு. காட்டவில்லை என்றால் தழும்பு மறையும் முன் இன்றைக்கே போய்க் காட்டி, 'பூச்சிக்கடி, இந்தத் தேதியில் வெளியூரில் தங்கியபோது ஆரம்பித்ததாகச் சொல்கிறார்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், அந்த லாட்ஜைப் பற்றி மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே யாராவது 'பெட்ல பூச்சி' என்று எழுதி, அதற்கு நிர்வாகமே 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதிலும் போட்டிருந்தால் அதைவிட நல்ல ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது. யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்லை என்றாரே, அது பொய் என்று காட்டும்.

தெரிந்தே செய்தார்கள் என்று காட்டினால் வழக்கின் எடையே மாறும் என்பதற்கு உலகத்தில் எல்லாரும் காட்டும் உதாரணம் சிகாகோவில் நடந்தது. உடன்பிறந்த இருவர் 'மோட்டல் 6' என்ற லாட்ஜ் கம்பெனியின் ஒரு கிளையில் தங்கிக் கடி வாங்கினார்கள். விசாரணையில் வெளியே வந்தது: 1998லேயே பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனி 500 டாலருக்கு எல்லா ரூமுக்கும் அடித்துத் தருகிறோம் என்றிருக்கிறது, வேண்டாம் என்று நிர்வாகம் மறுத்திருக்கிறது, வாடிக்கையாளர் கேட்டால் மூட்டைப்பூச்சி என்று சொல்லாதே, உண்ணி என்று சொல் என்று ஊழியர்களுக்கு உத்தரவு, இவர்களுக்குக் கொடுத்த 504ஆம் ரூம், மருந்து அடிக்கும் வரை வாடகைக்கு விடாதே என்று குறித்துவைத்திருந்த ரூம். ஜூரி ஆளுக்கு 5,000 டாலர் நஷ்டஈடும், அதற்கு மேல் தண்டனையாக ஆளுக்கு 1,86,000 டாலரும் கொடுக்கச் சொன்னது. 2003இல் மேல்முறையீட்டிலும் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அதை உறுதிசெய்தார். நம் சட்டத்திலும் மாவட்ட ஆணையத்துக்குத் தண்டனை இழப்பீடு விதிக்க அதிகாரம் இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்குக் கனவு காணாதீர்கள்.

நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், 2022இல் மங்களூரிலிருந்து பெங்களூருக்கு ஸ்லீப்பர் பஸ்ஸில் போன ஒரு பெண்ணை மூட்டைப்பூச்சி கடித்ததற்குத் தட்சிண கன்னட மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது. டிக்கெட் விலை ஆயிரம் ரூபாய்கூட இல்லை. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கணிப்பில், நல்ல ஆதாரம் இருக்கும் லாட்ஜ் வழக்கில் ரூம் வாடகை, மருத்துவச் செலவு, வீட்டுக்கு மருந்து அடித்த செலவு, மன உளைச்சலுக்கு ஒரு பத்திருபதாயிரம், வழக்குச் செலவு என்று எதிர்பார்ப்பதுதான் நிதானம். பத்து லட்சம் கேட்டு மனு போட்டால் கேட்டவர் மேல்தான் சந்தேகம் வரும்.

வீட்டுக்கு வந்த பூச்சிக்கு நஷ்டஈடு வாங்குவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பத்து நாள் இடைவெளி உங்களுக்குச் சாதகமான கணக்குதான், பையில் ஒட்டிவந்த முட்டை பொரிக்கும் காலம் அது. ஆனால் நடுவில் ரயிலில் வந்தீர்களா, தியேட்டருக்குப் போனீர்களா என்று கேட்பார்கள். அதனால் மருந்து அடிப்பதற்கு முன் வீட்டு மெத்தையையும் படம் எடுங்கள். அங்கே பழைய கறையும் தோலும் இல்லாமல் புதிதாக ஒன்றிரண்டு பூச்சி மட்டும்தான் இருக்கிறது என்பதே ஒரு ஆதாரம். மருந்து அடிக்க வருபவரிடம் 'ஆரம்ப நிலை, இன்ன ரூமில் மட்டும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு தடவை அடித்தால் முட்டை தப்பிக்கும், பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி அடிக்க வேண்டும், இரண்டுக்கும் பில் வாங்குங்கள். துணிகளைக் கொதிக்கிற மாதிரிச் சூடான தண்ணீரில் போட்டு எடுத்து, தையலோரமாக அயர்ன் பண்ணினால் சாகும். தயவுசெய்து யாரோ சொன்னார்கள் என்று விஷ மாத்திரையை வாங்கிப் படுக்கை ரூமில் வைக்காதீர்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். மூட்டைப்பூச்சி கடித்து நோய் பரவியதாக நிரூபணம் இல்லை, அதை ஒழிக்கிறேன் என்று உயிரை விடுவதற்கு நியாயமே இல்லை. போலீசுக்குப் போகலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: நோய் பரப்பிய குற்றமாக இதை நிறுத்த முடியாது, 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுவார்கள், அது சரியும்கூட.

இனி நடைமுறை. முதலில் ஆப் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள், சாட்டில் பேசினால் போதாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூப்பனை இப்போதைக்குத் தொடாதீர்கள். 'இத்துடன் என் புகார் முழுமையாகத் தீர்ந்தது' என்ற டிக் ஒன்று அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவுசெய்தால் அவர்கள் கம்பெனிக்கு எழுதுவார்கள். சின்னத் தொகை என்றால் இதிலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். லாட்ஜ் இருக்கும் ஊரில் உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளருக்கும் ஒரு புகார் தட்டிவிடுங்கள். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தங்கும் விடுதிகளைத் தனியாகவே பேசுகிறது. அவர் போய்ப் பார்த்து ஒரு வரி எழுதினால்கூட அது அரசு ஆவணம். சென்னையில் நடந்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன்.

பதில் வராவிட்டால் லாட்ஜுக்கும் ஆப்புக்கும் சேர்த்து நோட்டீஸ், ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. 15 நாள் அவகாசம் கொடுங்கள். நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் அதற்குப் பதிலாக அவர்கள் எழுதும் கடிதத்தில் உளறுவார்கள், அது உதவும். அப்புறம் புகார். முன்பெல்லாம் தஞ்சாவூருக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். 2019 சட்டம் வந்த பிறகு நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், அதாவது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, உங்களுடையது 3,600. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். லாட்ஜ், ஆப் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று ஆப் சொல்லும், சொல்லட்டும், அதை முடிவுசெய்வது ஆணையத்தின் வேலை. நோட்டீஸ் கிடைத்தபின் அவர்கள் பதில் போட 30 நாள், மேலே 15 நாள், அதற்கு மேல் ஆணையம் நினைத்தாலும் நீட்ட முடியாது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடியாது. வருஷக் கணக்கில் ஆகலாம் என்று மனதைத் தயார்செய்துகொண்டு போடுங்கள். வீடியோவில் ஆஜராகக் கேட்கும் உரிமை இருப்பதால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட வேண்டியிருக்காது. பெரும்பாலும் நடுவில் மத்தியஸ்தத்துக்கு அனுப்புவார்கள். லாட்ஜ்காரர்கள் வாடகையோடு மருந்துச் செலவையும் தருகிறோம் என்றால் நானாக இருந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், ஆனால் காசு கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து.

இதைப் படிக்கும் ஹாஸ்டல், பிஜி ஆட்களுக்கு ஒரு வார்த்தை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இரண்டு வருஷம் இருந்தவன் நான், இரும்புக் கட்டிலின் குழாய் ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றியே ஞாயிற்றுக்கிழமைகள் போனது, அப்போது இது உரிமைப் பிரச்சினை என்றே யாருக்கும் தோன்றவில்லை. மாதாமாதம் காசு கட்டித் தங்கும் இடமும் சேவைதான், அதே ஆணையம்தான். பெண்கள் விடுதியாக இருந்தால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அட்வான்ஸைத் தர மறுக்கும் விடுதி உரிமம் இல்லாததாக இருந்தால், ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னாலே பேச்சு மாறும். தனி வீடு வாடகைக்கு எடுத்தவர்கள் கதை வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வீட்டுக்காரருக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறையை முன்பே சொல்ல வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் தன் கட்டிலோடும் சோபாவோடும் வாடகைக்கு விட்டிருந்தால் இது வலுவான வாதம். வெறும் வீடாக எடுத்து ஆறு மாதம் குடியிருந்த பிறகு பூச்சி வந்தால், உண்மையைச் சொன்னால், அது யாருடையது என்று நிரூபிக்க முடியாது, செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு மருந்து அடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

விமர்சனம் எழுதுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். இன்ன தேதி, இன்ன ரூம், மெத்தையில் பூச்சி இருந்தது, இதோ படம் என்ற அளவில் நிறுத்துங்கள். ஏமாற்றுக்காரன், திருடன் என்றெல்லாம் சேர்த்தால் அவதூறு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகும்.

கடைசியாக, வீட்டு மெத்தையில் கண்ட பூச்சியை நசுக்கிவிட்டீர்களா? இனி ஒன்று அகப்பட்டால் செலோடேப்பில் ஒட்டி எடுங்கள், அல்லது சின்ன மருந்து பாட்டிலில் சானிடைசர் ஊற்றி அதில் போடுங்கள். பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் யாராவது பார்த்து இது மூட்டைப்பூச்சிதான் என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தால் நல்லது. பாட்டிலுக்குள் தேதியும் இடமும் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைப் போடுங்கள், பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சானிடைசரில் கரைந்துவிடும்.